லிங்க் நம்மளோடது, கஸ்டமர் யாரோடது?

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. கோயம்புத்தூரில் இருக்கிற என் சித்தி பையன். வயசு 24. ஒரு ஐடி கம்பெனியில் சப்போர்ட் வேலை. கூடவே டெலிகிராமில் ஒரு டீல்ஸ் சேனல் நடத்துறான். எந்த மொபைல் எங்கே விலை குறைஞ்சிருக்கு, எந்த மிக்ஸிக்குக் கூப்பன் இருக்குன்னு லிங்க் போடுவான். அந்த லிங்க் வழியா யாராவது வாங்கினா அவனுக்குக் கமிஷன். சேனலில் பதினோராயிரம் பேர் இருக்காங்க. கடைசி மூணு மாசமா சம்பளத்தைவிடக் கமிஷன் ஜாஸ்தி.

"அண்ணா, இந்த மாசம் பேப்பர் போட்டுடலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீ என்ன சொல்ற?"

"ஒரு வாரம் டைம் குடுடா"ன்னு சொல்லி வெச்சிட்டேன். உடனே பதில் சொல்ல முடியாததுக்கு ஒரு காரணம் இருக்கு. நானும் ஒரு காலத்தில் இதே வேலையைப் பார்த்தவன். ஹெட்போன், ஸ்பீக்கர் ரிவ்யூ எழுதுகிற ஒரு வெப்சைட். ரெண்டு வருஷம், ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதினேன். ஒரு நாள் காலையில் ஒரு மெயில். விதிமுறை மீறல், உங்கள் கணக்கு மூடப்படுகிறது. எந்த விதி, எந்தப் பக்கம், ஒரு விவரமும் இல்லை. அந்த மாசம் வரவேண்டிய கமிஷனும் போச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்லப்போறதில்லை, அது இந்த எபிசோடுக்கு முக்கியமும் இல்லை. அன்னைக்கு எனக்கு உறைச்சது வேற. என் லிங்க் வழியா எத்தனை ஆயிரம் பொருள் வித்திருக்குன்னு கணக்கு என்கிட்ட பக்காவா இருந்தது. வாங்கினவங்கள்ல ஒருத்தர் பேருகூட எனக்குத் தெரியாது.

அதனால அந்த ஒரு வாரம், இந்தத் தொழில் எங்கே பிறந்தது, யாரை வாழவெச்சது, யாரை நடுத்தெருவில் விட்டதுன்னு தேடிப் படிச்சேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

புரோக்கரும் எல்ஐசி ஏஜென்ட்டும்

முதல்ல ஒரு சின்ன விஷயம். அஃபிலியேட் மார்க்கெட்டிங்னா என்னவோ புதுசுன்னு நினைக்காதீங்க. சென்னையில் வீடு தேடினவங்களுக்கு நல்லாவே தெரியும். வீட்டு புரோக்கர் நம்மளைக் கூட்டிட்டுப் போய் ஓனர்கிட்ட விடுவார். அட்வான்ஸ் கை மாறினதும் ஒரு மாச வாடகையைக் கமிஷனா வாங்கிட்டுக் கிளம்பிடுவார். அடுத்த அஞ்சு வருஷம் நீங்க அந்த வீட்டில் இருந்தாலும் அவருக்கு ஒண்ணும் கிடையாது. அதுக்கப்புறம் நீங்களாச்சு, ஓனராச்சு.

எல்ஐசி ஏஜென்ட் கதை வேற. உங்ககிட்ட ஒரு தடவை பாலிசி வித்துட்டா, நீங்க பிரீமியம் கட்டுற வரைக்கும் வருஷா வருஷம் அவருக்கு ரினியூவல் கமிஷன் வரும். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வந்து மொய் வைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ரெண்டு பேரும் கமிஷன்காரங்கதான். ஒருத்தருக்கு அறிமுகத்தோட கதை முடிஞ்சுது. இன்னொருத்தருக்கு உறவு தொடருது. இன்டர்நெட்டில் இந்தத் தொழில் ஆரம்பிச்சப்போ, புரோக்கர் முறையா, ஏஜென்ட் முறையா என்பதை யார் முடிவு பண்ணினாங்க? அதைப் பார்க்கணும்னா அமெரிக்காவுக்குப் போகணும்.

பூக்கடையும் பாட்டுக்கடையும்

1989. இன்னும் வெப் என்ற ஒன்று பொதுமக்களிடம் வரவில்லை. அமெரிக்காவில் புராடிஜி என்று ஒரு கட்டண ஆன்லைன் சேவை இருந்தது. ஐபிஎம், சியர்ஸ் என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நடத்தியது. அதில் வில்லியம் டோபின் என்பவர் ஒரு பூக்கடை திறந்தார். விற்பனையில் ஒரு பங்கைப் புராடிஜிக்குக் கமிஷனாகக் கொடுப்பது அவருடைய யோசனை. பிறகு வெப் வந்ததும் அதே முறையை மற்ற தளங்களுக்கும் விரித்தார். 1996 ஜனவரியில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 2000 அக்டோபரில் கிடைத்தது.

அதற்கு நடுவில், 1994. பென்சில்வேனியா மாநிலத்தில் ஜேசன் ஓலிம், மாத்யூ ஓலிம் என்ற இரட்டைச் சகோதரர்கள். அப்பா அம்மா வீட்டின் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து சிடி நவ் என்ற பாட்டு சிடி கடையை ஆன்லைனில் தொடங்கினார்கள். அந்த நேரம் கெஃபன் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனத்துக்கு ஒரு தேவை இருந்தது. தன் தளத்தில் தன் கலைஞர்களின் ஆல்பங்களை விற்க வேண்டும், ஆனால் பேக்கிங், டெலிவரி தலைவலி வேண்டாம். சிடி நவ்விடம் கேட்டார்கள். லிங்க் இங்கே, விற்பனை அங்கே என்று முடிவானது. அந்த நவம்பரிலேயே 'பை வெப்' என்ற பெயரில் இதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பாட்டு ரிவ்யூ எழுதுகிற எவரும் லிங்க் போடலாம், வித்தால் பங்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ரிவ்யூ எழுதுகிறவருக்கு ஸ்டாக் இல்லை, குடோன் இல்லை, ரிட்டர்ன் இல்லை, முதலீடு இல்லை. இன்றைக்கு யூடியூபில் அஃபிலியேட் கோர்ஸ் விற்கிறவர்கள் சொல்கிற அதே நாலு 'இல்லை'. அது பொய் கிடையாது, 1994-லயே உண்மைதான். அந்த நாலு இல்லையோடு அஞ்சாவதா ஒரு 'இல்லை' இருந்ததை மட்டும் யாரும் சத்தமாச் சொல்லலை. கஸ்டமரும் இல்லை.

அமேசான் போட்ட விதி

அமேசான் கடையைத் திறந்தது 1995 ஜூலையில். சரியாக ஒரு வருடம் கழித்து, 1996 ஜூலையில், 'அசோசியேட்ஸ்' திட்டம் வந்தது. ஒரு பார்ட்டியில் ஒரு பெண்மணி ஜெஃப் பெஸோஸிடம் வந்து, என் தளத்தில் உங்கள் புத்தகங்களை விற்கலாமா என்று கேட்டதில் இருந்துதான் யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, விளைவு பெரியது. சில வருடங்களில் லட்சக்கணக்கான தளங்கள் சேர்ந்தன. தோட்டக்கலை எழுதுகிறவர், நாய் வளர்ப்பவர், வரலாற்றுப் பேராசிரியர் என்று எல்லோருடைய பக்கத்திலும் அமேசான் லிங்க். 2000 பிப்ரவரியில் இந்தப் பரிந்துரை முறைக்கு அமேசான் ஒரு காப்புரிமையே வாங்கிவிட்டது.

இப்போ இதை அமேசான் பக்கத்தில் இருந்து பாருங்க. புதுக் கடை. யாருக்கும் பேர் தெரியாது. டிவி விளம்பரம் கொடுத்தால் பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் காசு போகும். அசோசியேட்டுக்கு விற்றால் மட்டும் கொடுத்தால் போதும். ஒரு தடவை அவர் அனுப்பிய ஆள் உள்ளே வந்து பேர், அட்ரஸ், கார்டு நம்பர் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை அவர் நேராக அமேசானுக்கே வருவார். லிங்க் போட்டவருக்கு முதல் தடவை மட்டும் பங்கு.

இன்றைய விதி என்ன? உங்கள் லிங்கை ஒருவர் தட்டினால் அவருடைய பிரவுசரில் ஒரு குக்கி உட்காரும். குக்கி என்றால் இவர் இன்னார் மூலம் வந்தார் என்கிற ஒரு சின்னச் சீட்டு. அமேசானில் அந்தச் சீட்டுக்கு ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டால்தான் உங்களுக்குக் கணக்கு. நடுவில் வேறொருவர் லிங்கைத் தட்டினால் அந்தச் சீட்டும் மாறிவிடும். நீங்க மூணு நாள் உட்கார்ந்து எழுதின ரிவ்யூவைப் படிச்சு ஒருத்தர் ஒரு லேப்டாப்பை முடிவு பண்றார், சம்பளம் வந்ததும் வாங்கலாம்னு நாலு நாள் கழிச்சு நேரா போய் வாங்குறார். உங்களுக்குப் பைசா கிடையாது.

அதாவது புரோக்கர் முறை. அதை விற்பவரே எழுதினார், எப்போது வேண்டுமானாலும் திருத்தும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் அடுத்த கதை.

மாநில எல்லையில் ஒரு சண்டை

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. 1992-ல் அங்கே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: ஒரு மாநிலத்துக்குள் கடையோ குடோனோ ஆளோ இல்லாத விற்பனையாளரை, வரி வசூலித்துக் கொடு என்று அந்த மாநிலம் கட்டாயப்படுத்த முடியாது. ஆன்லைன் கடைகளுக்கு இது வரம். பக்கத்துத் தெருக் கடையில் வரியோடு விற்கும் அதே பொருள் ஆன்லைனில் வரி இல்லாமல்.

2008 ஏப்ரலில் நியூயார்க் மாநிலம் ஒரு வழி கண்டுபிடித்தது. உங்களுக்காக லிங்க் போட்டுக் கமிஷன் வாங்குகிறவர் எங்கள் மாநிலத்தில் குடியிருக்கிறார் அல்லவா? அப்படியானால் உங்களுக்கு இங்கே ஆள் இருக்கிறது. கட்டு வரியை. அமேசான் வழக்குப் போட்டது, ஆனால் நியூயார்க் அசோசியேட்களை விட்டுவிடவில்லை. ஓவர்ஸ்டாக் என்ற இன்னொரு கடை அந்த மாநில அஃபிலியேட்கள் எல்லோரையும் வெட்டிவிட்டது.

மற்ற மாநிலங்களும் ஆன்லைன் விற்பனை வரிக்கான சட்டங்களைக் கையில் எடுத்தன. அங்கே அமேசான் செய்தது வேறு. 2009-ல் வட கரோலினா, ரோட் ஐலண்ட். 2010 மார்ச்சில் கொலராடோ. 2011-ல் இல்லினாய், அடுத்து கலிஃபோர்னியா. ஒவ்வொரு மாநிலத்திலும் அசோசியேட்களுக்கு மெயில் போனது: உங்கள் மாநிலச் சட்டத்தின் காரணமாக உங்களோடு ஒப்பந்தம் முடிகிறது. கலிஃபோர்னியாவில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆளுநர் கையெழுத்துப் போட்ட அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே கதை முடிந்தது. செப்டம்பரில் அரசோடு சமரசம் ஆகி, வெளியே போனவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நடுவில் போன இரண்டு மாத வருமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பத்தாயிரம் பேரும் என்ன தப்பு பண்ணினாங்க? ஒரு விதியையும் மீறலை. எழுத்து மோசமில்லை. ரெண்டு பெரிய ஆளுங்க அடிச்சுக்கிட்டாங்க, இவங்க குடியிருந்த அட்ரஸ்தான் ஆயுதமா போச்சு.

இதில் ஒரு கம்பெனி கதையை மட்டும் தனியாச் சொல்றேன். ஃபேட் வாலட். 1999-ல் தொடங்கிய தள்ளுபடித் தகவல் தளம், நம்ம தம்பி சேனலோட பெரியண்ணன்னு வெச்சுக்குங்க. இல்லினாய் மாநிலத்தின் வட எல்லையில் ராக்டன் என்ற சின்ன ஊரில் ஆபீஸ். 2011 மார்ச்சில் இல்லினாய் ஆளுநர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும், மாநிலத்துக்குள் இருக்கும் அஃபிலியேட்களைக் கடைகள் வெட்டப் போகின்றன என்று தெரிந்துவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களோடு மொத்த ஆபீஸையும் காலி செய்து, சில மைல் தள்ளி, எல்லைக்கு அந்தப் பக்கம் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் பெலாய்ட் நகரத்துக்குப் போனார்கள். ஒரு லிங்க் செல்லுபடியாவதற்காக ஒரு கம்பெனியே ஊர் மாறியது.

2013 அக்டோபரில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. ஃபேட் வாலட் 2011-லேயே இன்னொரு நிறுவனத்திடம் கை மாறியிருந்தது. 2017 அக்டோபரில் தளம் மூடப்பட்டது.

அமேசான்? வேகமாக டெலிவரி செய்ய ஒவ்வொரு மாநிலமாகக் குடோன் கட்டிக்கொண்டே போனது. குடோன் இருந்தால் வரி கட்டியாக வேண்டும். 2017 ஏப்ரலுக்குள், விற்பனை வரி இருக்கும் எல்லா மாநிலங்களிலும் அதுவே வரி வசூலிக்க ஆரம்பித்துவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அந்த 1992 தீர்ப்பையே மாற்றி எழுதியது. அசோசியேட்களை வெட்டித் தப்பித்த அதே வரியைத்தான் கடைசியில் கட்டினார்கள். தொழில் கணக்கில் பார்த்தால் அமேசானுக்கு அந்த ஆறேழு வருட அவகாசம் லாபம். அதுக்கான விலையை யார் கொடுத்தாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

எட்டு மூணாச்சு

சரி, அது சட்டச் சண்டை, அபூர்வமா நடக்கிறதுன்னு நீங்க சொல்லலாம். சட்டமே மாறாத ஒரு சாதாரண வாரத்தில் என்ன நடந்ததுன்னு பார்ப்போம்.

2020 ஏப்ரல் 14. உலகமே லாக்டவுன். எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் வாங்குகிறார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் இருக்கும் அசோசியேட்களுக்கு ஓர் அறிவிப்பு: ஏழு நாள் கழித்து, ஏப்ரல் 21 முதல் புதுக் கமிஷன் விகிதம். பர்னிச்சர், வீட்டுச் சாமான் 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதம். ஹெட்போன், அழகுப் பொருட்கள் 6-லிருந்து 3. மளிகை 5-லிருந்து 1. ஆயிரம் டாலர் சோபாவுக்கு 80 டாலர் வாங்கியவருக்கு இனி 30 டாலர். அதே உழைப்பு, அதே வாசகர், அதே சோபா.

இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. படித்துப் பார்க்காமல் 'ஏற்கிறேன்' தட்டியது நாம்தான்.

சமீபத்தில் இன்னொரு பக்கமும் ஓட்டை தெரிந்தது. ஹனி என்று ஒரு கூப்பன் எக்ஸ்டென்ஷன். 2019-ல் பேபால் அதை 400 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. யூடியூபர்கள் பலர் காசு வாங்கிக்கொண்டு அதற்கு விளம்பரம் செய்தார்கள். 2024 டிசம்பரில் ஒரு யூடியூபர் வெளியிட்ட வீடியோவில் ஒரு குற்றச்சாட்டு வந்தது: வாங்குகிற கடைசி நொடியில் அந்த எக்ஸ்டென்ஷன், அஃபிலியேட்டின் சீட்டைத் தூக்கிவிட்டுத் தன் சீட்டை வைக்கிறது. அதாவது தங்கள் கமிஷனைத் தின்னும் கருவிக்கு அவர்களே விளம்பரம் செய்திருக்கிறார்கள். கடைசியாகத் தட்டியவருக்கே கமிஷன் என்பது தொழிலின் நடைமுறைதான் என்றது பேபால். வழக்குகள் தொடரப்பட்டன. 2025 மார்ச்சில் கூகுள், பயனாளருக்கு நன்மை தராமல் எக்ஸ்டென்ஷன்கள் இப்படி அஃபிலியேட் லிங்கைச் செருகக் கூடாது என்று குரோம் விதியைத் திருத்தியது.

வழக்கில் யார் ஜெயித்தாலும் எனக்குத் தெரிந்தது இதுதான்: ஒரு சின்னச் சீட்டை நம்பி வீட்டு வாடகை கட்டுகிறோம், அந்தச் சீட்டு நம் கையில் இல்லை.

சொந்தக் கடை மட்டும் பாதுகாப்பா?

இதுவரைக்கும் கேட்டுட்டு, அப்போ சொந்தமா பிசினஸ் ஆரம்பிச்சிடணும், அவ்ளோதானேன்னு முடிவுக்கு வராதீங்க. வரலாறு அந்தப் பக்கமும் அடிச்சிருக்கு.

அந்த இரட்டைச் சகோதரர்களின் சிடி நவ் ஞாபகம் இருக்கா? அவங்க அஃபிலியேட் இல்லை, கடை முதலாளிகள். கஸ்டமர் பட்டியல் அவங்க கையில்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு புது கஸ்டமரைப் பிடிக்கவும் விளம்பரத்துக்குக் கொட்டிய பணம், ஒரு சிடி விற்றால் வரும் லாபத்தில் திரும்பவில்லை. 2000 மார்ச்சில் கொலம்பியா ஹவுஸ் நிறுவனத்தோடு நடக்கவிருந்த இணைப்பு முறிந்தது. கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்று ஆடிட்டரே சந்தேகம் எழுதினார். ஜூலையில் பெர்டெல்ஸ்மன் என்ற ஜெர்மன் நிறுவனம் 11.7 கோடி டாலருக்கு வாங்கியது. 2002 கடைசியில் அந்தத் தளத்தை நடத்தும் வேலை யாரிடம் போனது தெரியுமா? அமேசானிடம். அஃபிலியேட் முறையை அமேசானுக்கு முன்பே நடத்திக்காட்டிய கடை, கடைசியில் அமேசான் கடையின் இன்னொரு வாசலாக ஆனது.

நம்ம நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1999-ல் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற ஆன்லைன் கடை தொடங்கியது. இந்தியாவில் இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒன்று. பெரும்பாலான வீடுகளில் நெட் கிடையாது, கார்டு போட்டு வாங்கப் பயம். அந்தக் காலத்திலும் தாக்குப்பிடித்தார்கள். பிறகு இந்தியாபிளாசா என்று பெயர் மாறியது. அதைக் கடைசிவரை நடத்திய கே. வைத்தீஸ்வரன், 2013-ல் மூட வேண்டிய நிலைக்கு வந்தார். அந்தத் தோல்வியைப் பற்றி 2017-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே ஃபேப்மார்ட்டைத் தொடங்கியவர்களில் வேறு சிலர்தான் 2011-ல் பிக்பாஸ்கெட் தொடங்கினார்கள். 2021-ல் டாடா குழுமம் அதில் பெரும்பங்கு வாங்கியது.

ஒரே இடத்தில் தொடங்கியவர்கள், ரெண்டு முடிவு. சொந்தக் கடை வெச்சா ஜெயிப்போம்னு எந்த உத்தரவாதமும் இல்லை. அஃபிலியேட்டா இருந்து தோத்தா உங்க நேரமும் உழைப்பும்தான் போகும். கடை வெச்சுத் தோத்தா கடனும் சேர்ந்து வரும். கோர்ஸ் விற்கிறவங்க ரெண்டையும் ஒரே தட்டில் வெச்சுப் பேசுறாங்க, அது நியாயமில்லை.

நடுவில் நின்னவங்க

ரெண்டுக்கும் நடுவில் சில பேர் இருந்தாங்க. இந்த வாரத் தேடலில் எனக்கு உபயோகமானவங்க அவங்கதான்.

ஃபிளிப்கார்ட் தொடங்கிய கதை பலருக்கும் தெரிந்திருக்கும். சச்சின் பன்சால், பின்னி பன்சால், இருவரும் அமேசானில் வேலை பார்த்தவர்கள். 2007-ல் வெளியே வந்தபோது முதலில் யோசித்தது கடை இல்லை. பல கடைகளின் விலையை ஒப்பிட்டுக் காட்டி, அங்கே அனுப்பிவைக்கிற தளம். அஃபிலியேட் வேலைக்கு அண்ணன் தம்பி. ஆராய்ந்து பார்த்தால், ஒப்பிடுகிற அளவுக்கு இந்தியாவில் நல்ல ஆன்லைன் கடைகளே இல்லை. சரி, நாமே கடை வைப்போம் என்று புத்தகம் விற்க ஆரம்பித்தார்கள். ஆளை இன்னொருவர் கடைக்கு அனுப்புவதற்குப் பதில் தங்கள் கடைக்கே கூப்பிட்டார்கள்.

அமேசானும் இந்தியாவில் இதே படியில் ஏறியதுதான் வேடிக்கை. ஜங்லீ என்ற விலை ஒப்பீட்டு நிறுவனத்தை 1998-ல் அது அமெரிக்காவில் வாங்கியிருந்தது. ஜங்லீயைத் தொடங்கியவர்களில் ஆனந்த் ராஜாராமன், வெங்கி ஹரிநாராயண் இருவரும் நம்ம சென்னை ஐஐடியில் படித்தவர்கள். 2012 பிப்ரவரியில் அதே பெயரில் இந்தியாவில் ஒரு தளம் திறந்தது. அங்கே எதுவும் வாங்க முடியாது, தேடலாம், ஒப்பிடலாம், மற்ற கடைகளுக்குப் போகலாம். இங்கே யார் என்ன தேடுகிறார்கள் என்பதை அங்கிருந்து பார்க்க முடியும். 2013 ஜூனில் அமேசான் தன் இந்தியக் கடையைத் திறந்தது.

மூன்றாவது, ஒயர்கட்டர். பிரையன் லாம் என்ற பத்திரிகையாளர் 2011-ல் தொடங்கிய ரிவ்யூ தளம். முழுக்க அஃபிலியேட் வருமானம். ஆனால் தினம் இருபது லிங்க் போடவில்லை. ஒரு வகைக்கு ஒரு பொருள், நாள்கணக்கில் சோதித்து, இதை வாங்குங்கள் என்று ஒரே பதில். ஆட்கள் கடைக்குப் போகும்முன் அந்தத் தளத்தின் பெயரைத் தட்டிப் பார்க்கப் பழகினார்கள். 2016 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் சுமார் 3 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2021-ல் அதற்குச் சந்தா வைத்தது. 2020-ல் கமிஷன் பாதியானபோது அவர்களுக்கும் அடி விழுந்திருக்கும். ஆனால் அவர்களிடம் பெயர் இருந்தது, பெயரை நம்பி நேராக வருகிற ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்களிடம் வேறு வழியில் காசு கேட்க முடிந்தது.

மூணு கதையிலயும் ஒரு பொதுக் கோடு இருக்கு. எல்லாருமே அனுப்பிவைக்கிற வேலையில்தான் ஆரம்பிச்சாங்க, இல்ல ஆரம்பிக்க யோசிச்சாங்க. அதில் கத்துக்கிட்டதை வெச்சு, அடுத்து ஆள் தங்ககிட்டயே திரும்பி வர்ற மாதிரி ஒரு இடத்தைக் கட்டினாங்க. ஜெயிச்சது அதனால மட்டும்தான்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்த படி ஏற அது ஒரு கல்லா இருந்தது. ஃபேட் வாலட்டும் பெரிய தளம்தான். ஆனா ஆபீஸ் அட்ரஸ் மாறினா வருமானம் நிக்கும் என்கிற நிலையிலதான் அது இருந்தது.

தம்பிகிட்ட என்ன சொன்னேன்

ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டேன். இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டான். "சரிண்ணா, இப்போ பேப்பர் போடணுமா, வேணாமா?"

"நான் உன்னை ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நாளைக்குக் காலையில உன் சேனல் காணாமப் போச்சுன்னு வை. பதினோராயிரம் பேர்ல எத்தனை பேருக்கு உன்னால போன் பண்ண முடியும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ரெண்டு பேர். ஒண்ணு நீ"ன்னான்.

வேலையை விட வேண்டாம்னு மட்டும் சொன்னேன். சேனலை மூடவும் சொல்லலை. அந்தக் காசு வர்ற வரைக்கும் வரட்டும், ஆனா அதை மாசச் சம்பளமா நினைக்காம, தீபாவளி போனஸ் மாதிரி தனியா எடுத்து வை. கூடவே ஒரு ஃபார்ம் போட்டு, பேரும் நம்பரும் விருப்பம் இருக்கிறவங்ககிட்ட மட்டும் கேட்டுப் பாருன்னு சொன்னேன்.

ஒரு மாசம் ஆச்சு. பதினோராயிரம் பேரில் 214 பேர் கொடுத்தாங்க. அவன் நொந்துட்டான். நான் ஆச்சரியப்பட்டேன், ஏன்னா ரெண்டு வருஷத்தில் என்கிட்ட ஒண்ணுகூட இல்லை. அந்த 214 பேரோட மெசேஜ்களைப் படிச்சப்போ ஒரு விஷயம் தெரிஞ்சுது. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: காலேஜ் போற பிள்ளைக்குக் கம்மி விலையில் எந்த லேப்டாப் வாங்கலாம்? புது லேப்டாப் அவங்க பட்ஜெட்டுக்கு எட்டலை.

காந்திபுரத்தில் பழைய லேப்டாப் சரிபண்ணி விற்கிற ஒரு ஃப்ரெண்டு அவனுக்கு இருந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து, போனஸ்னு எடுத்து வெச்ச காசில் அஞ்சு லேப்டாப் வாங்கி, சர்வீஸ் பண்ணி, மூணு மாச வாரண்டியோட அந்த 214 பேருக்கு மட்டும் மெசேஜ் போட்டாங்க. மூணு வித்துது. ரெண்டு இன்னும் அவன் ரூம் கட்டிலுக்கு அடியில் இருக்கு.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்குத் திரும்பவும் போன். "அண்ணா, வித்ததில் ஒண்ணு பேட்டரி போயிடுச்சு. ஒரே மாசம். பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய் நானே மாத்திக் குடுத்துட்டு வந்தேன். லாபம் மொத்தமும் பேட்டரிக்கே போச்சு."

"அப்போ நஷ்டமா?"

"நானூறு ரூபா நஷ்டம். ஆனா அந்த அம்மா கம்பெனிக்குப் போன் பண்ணலண்ணா. எனக்குப் பண்ணாங்க. காபி குடுத்து உட்கார வெச்சு, பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் ஒண்ணு வேணும்னு சொன்னாங்க."

பேப்பர் அவன் இன்னும் போடலை. சித்திகிட்ட இப்போ சொல்லிட்டானாம்.